சந்தேகப்படும் வாசகருக்கு எழுதப்படும் கடிதம்

"அண்ணா, ஒரு லெட்டர் பார்த்துக் குடுக்கணும்" என்று அந்தப் பெண் வந்து நின்றபோது, வேலை மாற்றத்துக்கான விண்ணப்பமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஓசூரில் எங்கள் தெருவில் எழுத்து சம்பந்தப்பட்ட எதுவானாலும் என் வீட்டுக்கு வந்துவிடும். வாரிசுச் சான்றிதழுக்கு மனு, பள்ளி ஆண்டுவிழாப் பேச்சு, கருமாதிப் பத்திரிகை. இவள் கொண்டுவந்தது வேறு. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். கனடாவில் இருக்கும் கணவனோடு போய்ச் சேர்வதற்கான விண்ணப்பத்தில் வைக்கவேண்டிய கடிதம். தாங்கள் எப்படிச் சந்தித்தோம், எப்படி மணந்தோம், ஏன் சேர்ந்து வாழ விரும்புகிறோம் என்று அதில் சொல்லியாக வேண்டும்.

அவள் சிப்காட்டில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். கணவன் ஒன்டாரியோவில் படிக்கப் போய், அங்கேயே இயந்திரப் பட்டறை வேலையில் சேர்ந்து, நிரந்தர வசிப்புரிமை வாங்கியவன். கல்யாணத்துக்கு வந்து, பத்தொன்பது நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

கடிதத்தை வாசித்தேன். முதல் பார்வையிலேயே இருவர் இதயங்களும் இணைந்துவிட்டனவாம். அவனுடைய புன்னகை அவளுடைய உலகத்தையே மாற்றிவிட்டதாம். "இதெல்லாம் நீ எழுதினதாம்மா?" என்று கேட்டேன். இல்லை, ஒரு ஏஜென்ட் கொடுத்த மாதிரிக் கடிதம். பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றியிருக்கிறாள்.

"நெஜமா என்ன நடந்துச்சு?"

"எங்கம்மாதான் பார்த்தாங்க. போட்டோ பாத்தப்ப எனக்கு ஒண்ணும் தோணலண்ணா. ரெண்டு மூணு தடவை போன்ல பேசினப்புறம்தான் சரின்னு பட்டுச்சு. ஆனா அத எழுதினா ரிஜெக்ட் பண்ணிடுவாங்கன்றாங்க."

அன்றிலிருந்து ஒரு மாதமாக இந்தக் கடிதங்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் எத்தனையோ வீடுகளில் இவை எழுதப்படுகின்றன. காதலையும் மணத்தையும் பிரிவையும் பேசுகிற எழுத்து வகை இது. ஆனால் இதை இலக்கியமாக யாரும் வாசிப்பதில்லை. எழுதியவர்களே ஒரு நகலை வைத்துக்கொண்டு மறந்துவிடுகிறார்கள். ஒரு விமர்சகன் இதை வாசித்தால் என்ன தெரியும் என்று பார்க்க விரும்புகிறேன்.

*

முதலில், இந்தக் கடிதத்தின் வாசகர் யார்? எழுதுகிற எல்லாருக்கும் ஒரு வாசகர் மனதில் இருப்பார். அவர் அலட்சியமானவராக இருக்கலாம், கண்டிப்பானவராக இருக்கலாம். ஆனால் நாம் சொல்வதைத் தற்காலிகமாகவாவது நம்பிக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்குவார். விசா அதிகாரியின் வேலையே வேறு. இது பொய்யாக இருக்கலாம் என்ற கேள்வியோடு அவர் தொடங்கியாக வேண்டும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. காகிதத்துக்காகச் செய்யப்படும் கல்யாணங்கள் உண்டு. வெளிநாட்டு மாப்பிள்ளையை நம்பி ஏமாந்த பெண்களும் நம் ஊர்களில் உண்டு. சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் சந்தேகத்தோடு வாசிக்கப்படும் என்று தெரிந்தே எழுதும்போது எழுத்து என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

கனடாவின் படிவத்துக்கு ஐ.எம்.எம். 5532 என்று எண். எப்போது, எங்கே, எப்படிச் சந்தித்தீர்கள், யாராவது அறிமுகப்படுத்தினார்களா, சடங்குக்கு யார் வந்தார்கள், குடும்பத்தாருக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டு போகும். கூடவே சான்றுகள். படங்கள் இருபதுக்குள். பேசிக்கொண்டதற்கான ஆதாரம் பத்துப் பக்கத்துக்குள். ஒரு தாம்பத்தியத்துக்கு இருபது படம், பத்துப் பக்கம் என்ற அளவு கறாரான பத்திரிகை ஆசிரியர் போடும் வரம்பு போலத்தான் இருக்கிறது.

இந்தப் படிவத்துக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் நான்காவது. அதில் ஒரு இடைச்சொல்லின் கதை உண்டு. முன்பு, ஒரு திருமணம் உண்மையற்றதாகவும் இருந்து, குடியேற்றப் பயனையே முதன்மை நோக்கமாகக் கொண்டு செய்யப்பட்டதாகவும் இருந்தால்தான் அதைத் தள்ளலாம். இரண்டும் சேரவேண்டும். 2010 செப்டம்பர் 30 முதல் அந்த எண்ணும்மை போய் 'அல்லது' வந்தது. இரண்டில் ஒன்று போதும்.

நன்னூல் நடத்தும் ஆசிரியர் இதை ஒரு நல்ல எடுத்துக்காட்டாகக் காட்டுவார். அந்த ஒரு சொல் மாறியதும் காலமும் மாறிவிடுகிறது. திருமணம் உண்மையானதா என்பது இன்றைய நிலை பற்றிய கேள்வி. எந்த நோக்கத்தில் செய்துகொண்டீர்கள் என்பது தொடங்கிய நாளைப் பற்றிய கேள்வி. தொடக்கத்தில் குடியேற்றம்தான் முதன்மை நோக்கம் என்று அதிகாரி முடிவுசெய்தால், இன்று அது எவ்வளவு அன்பான குடித்தனமாக ஆகியிருந்தாலும் விண்ணப்பம் தோற்கலாம்.

இப்போது நம்மூர் வரன் பார்க்கிற முறையை நினைத்துப் பாருங்கள். "பையன் கனடாவுல பி.ஆர்." என்பது பெண்வீட்டாருக்கு வருகிற முதல் தகவல்களில் ஒன்று. அந்தப் பெண்ணின் அம்மாவே என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "கனடா மாப்பிள்ளைன்னுதானே சரின்னோம்." இதில் பொய் என்ன இருக்கிறது? ஓசூரில் வேலை பார்க்கும் பையனாக இருந்திருந்தால் "கம்பெனியில பர்மனெண்ட்" என்பதற்காகச் சரி என்றிருப்பார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் ராயக்கோட்டைப் பக்கம் கிணற்றுப் பாசன நிலம். நம் கல்யாணங்களில் நோக்கங்கள் எப்போதும் பலவாகத்தான் இருந்திருக்கின்றன. சாதி, சம்பளம், நிலம், ஜாதகம், ஊர் தூரம். அன்பு இவற்றுக்கு நடுவே, பல சமயம் இவற்றுக்குப் பிறகு, வந்து உட்காருகிறது. எது முதன்மை என்று கேட்டால் நேர்மையான பதில் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்?

இதைக் கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றமே ஒருமுறை கவனித்திருக்கிறது. 2010இல் கில் என்ற வழக்கில், பெரியவர்கள் பேசி முடிக்கும் இந்தியத் திருமணத்தை வட அமெரிக்கக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் அது எப்போதுமே போலியாகத்தான் தெரியும் என்ற பொருளில் நீதிமன்றம் எச்சரித்தது. ஆனால் தீர்ப்பை ஏஜென்ட் படிப்பதில்லை. அவர் வட அமெரிக்கக் கண்ணாடிக்குத் தகுந்த முகத்தை விண்ணப்பதாரருக்கு மாட்டிவிடுகிறார். விளைவு விசித்திரமானது. உண்மையான கல்யாணத்துக்குப் பொய்யான கடிதம்.

*

கடிதம் போகட்டும், சான்றுகளாவது நிஜம் பேசுமா என்று பார்த்தேன். படங்களை என் மேசையில் பரப்பினாள். சந்திரசூடேஸ்வரர் மலைமேல் தாலி கட்டியது, மண்டபத்தில் வரவேற்பு, பாகலூர் அத்தை வீட்டு விருந்து. எல்லாப் படத்திலும் இருவரும் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் நிற்கிறார்கள். இடையில் ஒரு சாண் இடைவெளி. "பெரியவங்க முன்னாடி எப்படிண்ணா ஒட்டி நிக்கறது?" என்றாள். அந்த ஒரு சாண் இடைவெளியில் மரியாதை, கூச்சம், புதுமணம் எல்லாம் இருப்பது நமக்குத் தெரிகிறது. இன்னொரு ஊர்க் கண்ணுக்கு அந்நியர் இருவர் நிற்பதாகத் தெரியலாம்.

அடுத்து வாட்ஸ்அப். இவர்கள் வீட்டில் தெலுங்கு. படித்தது தமிழ். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குள் பஸ் நுழைந்ததும் கன்னடம். எல்லைப்புற ஓசூரில் இது சாதாரணம், யாரும் இதைப் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வதில்லை. செய்திகள் ஆங்கில எழுத்தில் மூன்று மொழியும் கலந்து ஓடுகின்றன. ஆங்கிலமோ பிரெஞ்சோ அல்லாத எதையும் மொழிபெயர்த்துத்தான் கொடுக்கவேண்டும். உட்கார்ந்து பார்த்தோம். தினமும் அவன் "தின்னாவா?" என்று கேட்கிறான். அவள் "ஆச்சு, நீ சாப்டியா?" என்கிறாள். மறுநாளும் அதே. ஷிஃப்ட் மாறினால் கேள்வியின் நேரம் மாறுகிறது, கேள்வி மாறவில்லை. நடுவில் அம்மாவின் சர்க்கரை அளவு, சீட்டுப் பணம், அங்கே பனி, இங்கே பவர் கட். "ஐ லவ் யூ" என்று ஒரு இடத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே அவள் சிரிக்கும் பொம்மை போட்டிருக்கிறாள். கிண்டல்.

'சாப்பிட்டாயா' என்பதை ஆங்கிலத்தில் அப்படியே மொழிபெயர்த்துப் பத்துப் பக்கம் வைத்தால் ஒரு மருத்துவமனைப் பதிவேடு போலத்தான் இருக்கும். நம் மொழிகளில் அந்தக் கேள்வி என்னென்ன வேலை செய்கிறது என்பதை எந்த உறுதிமொழிப் பத்திரமும் இட்ட மொழிபெயர்ப்பாளராலும் அடிக்குறிப்பில் சொல்லிவிட முடியாது.

பிறகு பிறந்த இடம். ஓசூர் 1965 வரை சேலம் மாவட்டம். பிறகு தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம். இவளுடைய தாத்தா, அம்மா, அக்கா மகன் மூவரும் ஒரே ஊரில் பிறந்தவர்கள், மூன்று மாவட்டங்களில் பிறந்தவர்கள். இவளுக்கே ஒரு சான்றிதழில் தருமபுரி, இன்னொன்றில் கிருஷ்ணகிரி. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் போய் உட்கார்ந்திருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விளக்கக் கடிதம். ஊர் நகரவில்லை, பெயர்கள்தான் நகர்ந்தன என்பதை ஒரு பெண் தன் கல்யாணத்தின் பெயரால் விளக்கவேண்டியிருக்கிறது.

*

பிரிவைப் பற்றி நம் மொழி பேசாதது எதுவுமில்லை என்பது நம் பெருமை. பாலைத் திணை முழுக்கப் பொருளுக்காகப் பிரிந்து போகிறவனும் காத்திருக்கிறவளும்தான். பட்டினப்பாலையின் 301 அடிகளில் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைச் சொல்லி, அப்படிப்பட்ட ஊரே கிடைத்தாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்று தலைவன் நெஞ்சிடம் சொல்வதில் போய் முடிகிறது. ஆனால் இந்த மரபை இன்றைய விண்ணப்பத்தின் பக்கத்தில் வைத்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன.

ஒன்று, அகப்பாடலில் காதலர் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் தெரிந்தால் அது அகம் அல்ல, புறம். விண்ணப்பத்தின் முதல் கட்டமே பெயர். பெயரில்லாமல் இருப்பதால்தான் அகம் எல்லாருக்கும் பொதுவானது. இங்கே எல்லாமே குறிப்பாக இருக்கவேண்டும், எல்லாமே வெளியே தெரியவேண்டும். வேறு விதமாகச் சொன்னால், அகத்தைப் புறத்தின் இலக்கணத்தில் எழுதிக்காட்டச் சொல்கிறார்கள்.

இரண்டு, கடல் கடந்து போவதில் பெண்ணை உடன் அழைத்துச் செல்வது இல்லை என்று கொள்ளத்தக்க ஒரு நூற்பா தொல்காப்பியத்தில் உண்டு. அதிலுள்ள 'முந்நீர்' என்ற சொல்லுக்குக் கடல் என்று பொருளா, வேறு பொருளா என்று உரைகள் வேறுபடுகின்றன. எப்படியானாலும் நடைமுறையில் நெடுங்காலம் அதுதான் வழக்கமாக இருந்திருக்கிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருடக் கணக்குக்குப் போன செட்டியார் கடை ஏஜென்டுகளின் மனைவிமார் செட்டிநாட்டு வீடுகளில் காத்திருந்தார்கள். பெண் காத்திருப்பாள் என்பதை நம் இலக்கியம் மிக அழகாகச் சொல்லிச் சொல்லி, அது இயற்கை என்றே ஆக்கிவிட்டது. போகிறேன் என்று அவள் கிளம்பினால் வாசலில் நிற்பவன் யார் என்ற கேள்வி நம் மரபில் எழவே இல்லை. பாலையில் தடை வெயில், கள்வர், வழி. அலுவலர் இல்லை.

*

அந்த அலுவலர் வாசலில் வந்து நின்ற கதை நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் நாம் அதை அப்படிப் படிக்கவில்லை.

தில்லையாடி வள்ளியம்மையைத் தெரியாத தமிழ்ப் பிள்ளை கிடையாது. தென்னாப்பிரிக்கச் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தவள். எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்கு அவள் பெயர். சரி, அவள் எதற்காகச் சிறை போனாள்? இந்தக் கேள்விக்கு என் பள்ளிக்கூட நினைவில் இருக்கும் பதில் "நாட்டுக்காக" என்பதுதான்.

நடந்தது இது. ஹசன் எசோப் என்ற இந்தியர் தன் மனைவி பாய் மரியத்தை ஊரிலிருந்து அழைத்துவந்தார். கேப் டவுனில் இறங்க அனுமதி இல்லை என்றார்கள். வழக்கு கேப் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சேர்ல் தீர்ப்பு சொன்னார். பலதார மணத்துக்கு இடமளிக்கும் முறையில் நடந்த திருமணம் அங்கே சட்டப்படி திருமணம் ஆகாது, ஆகவே அந்தப் பெண் மனைவி என்ற உரிமையில் நுழைய முடியாது. இதன்படி பார்த்தால் தென்னாப்பிரிக்காவிலிருந்த இந்து, முஸ்லிம், பார்சி மனைவிமார் பெரும்பாலோர் ஒரே நாளில் மனைவிகள் அல்லாதவர்கள் ஆனார்கள்.

மூன்று பவுண்டு தலைவரியோடு இந்த அவமானமும் சேர்ந்துகொண்ட பிறகுதான் காந்தி பெண்களைப் போராட்டத்துக்கு அழைத்தார். கஸ்தூர்பா சிறை போனது அப்போதுதான். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பிய பெண்களில் பெரும்பாலோர் தமிழர். வள்ளியம்மை சிறை போனதும் அந்த அலையில்தான். அவள் இறந்த சில மாதங்களில், 1914இல், இந்தியர் நிவாரணச் சட்டம் ஒரு மனைவியை ஏற்றுக்கொண்டது.

வேறு வார்த்தையில் சொன்னால், மணமாகாத ஒரு தமிழ்ச் சிறுமி உயிரைக் கொடுத்த போராட்டத்தின் ஒரு பாதி, மனைவி கணவனிடம் போய்ச் சேரும் உரிமை பற்றியது. இந்தப் பாதியை நம் வாழ்க்கை வரலாற்று நூல்களும் மேடைப் பேச்சுகளும் தேசபக்தி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கரைத்துவிட்டன. தேசம் என்றால் பெரிது, விசா என்றால் சின்னது என்ற எண்ணம்தான் காரணமாக இருக்கவேண்டும். நான் இதை ஒரு வாசிப்புப் பிழை என்றே சொல்வேன். வீடு வரை வந்து கையை வைத்ததால்தான் அந்தப் பெண்களுக்கு அரசு என்பது என்னவென்று தெரிந்தது.

அந்தக் கை அதோடு நிற்கவுமில்லை. 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், மணந்துகொள்ள வந்த ஓர் இந்தியப் பெண்ணின் உடலைப் பரிசோதித்து அவள் கன்னியா என்று பார்த்தார்கள். உண்மையான மணப்பெண் என்றால் கன்னியாகத்தான் இருப்பாள் என்பது அதிகாரிகளின் கணக்கு. செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்ததும் அது நிறுத்தப்பட்டது. காகிதத்தை நம்பாதபோது உடலையே காகிதமாக வாசித்தார்கள். இன்று யாரும் அப்படிச் செய்வதில்லை. இருபது படம், பத்துப் பக்கம் என்பது அதைவிட எவ்வளவோ நாகரிகமானது. ஆனால் நம் பெண்ணுக்கு எது கல்யாணம் என்பதை அடுத்தவர் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்துக்கொண்டு சரிபார்ப்பது மட்டும் மாறவில்லை.

*

விண்ணப்பம் இலக்கியமாக முடியாது என்று சொல்ல முடியாது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்தபோது, அதன் தொடக்கத்திலேயே பிரான்சில் அகதித் தஞ்சம் கேட்கும் விண்ணப்பம் இருந்தது. எண்ணிட்ட பத்திகள், அலுவலக மரியாதை. நம்பாத அதிகாரியிடம் தன் பயத்தை நிரூபிக்க ஒருவன் படும் பாடு அந்த வறட்டு நடைக்குள்ளேயே நமக்குக் கேட்டது. அகதி தன் பயத்தை நிரூபிக்கவேண்டும், மனைவி தன் அன்பை நிரூபிக்கவேண்டும். முன்னதற்குத் தமிழில் ஒரு நாவல் கிடைத்தது. பின்னது இன்னும் ஜெராக்ஸ் கடையிலேயே நிற்கிறது. எழுதுபவர்கள் பெண்கள் என்பதாலா, முடிவு பெரும்பாலும் ஒரு விமான டிக்கெட்டில் சுபமாக முடிவதாலா, தெரியவில்லை. சுபமாக முடியும் வரை இடையில் போகும் மாதங்கள், அதற்குள் வேலையை விடுவதா வேண்டாமா என்ற குழப்பம், "இன்னும் வரலையா?" என்று கேட்கும் தெரு, இவற்றை எழுத ஒருவர் வரவேண்டும்.

விமர்சகனாக எனக்கு ஒரு ஆசை வந்தது. அந்த ஏஜென்ட் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'போட்டோ பாத்தப்ப எனக்கு ஒண்ணும் தோணல' என்பதையே முதல் வரியாக வைக்கவேண்டும் என்று சொன்னேன். பொய்யான கல்யாணம் செய்கிற எவளும் அப்படி எழுதமாட்டாள். அதைவிடப் பலமான சான்று உண்டா?

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "உங்களுக்கு அது நல்ல வரிண்ணா. எனக்கு அது ரெண்டு வருஷம்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்ல வாக்கியத்துக்காக ஆபத்தை எதிர்கொள்ளும் உரிமை எழுதுபவருக்கு உண்டு. திருத்துபவருக்குக் கிடையாது. இலக்கிய நேர்மை என்று நாம் பேசுவதன் விலையை வேறொருவர் கட்டவேண்டியிருக்கும் இடத்தில் கொஞ்சம் வாயை மூடிக்கொள்வதும் விமர்சனத்தில் சேர்ந்ததுதான்.

கடைசியில் அவளே எழுதினாள். தமிழில் எழுதச் சொன்னேன், நான் ஆங்கிலமாக்கினேன். பெரியவர்கள் பார்த்தது, ஐந்து வாரம் போனில் பேசியது, மூன்றாவது தடவை பேசும்போது அவன் தன் கடன் எவ்வளவு என்று தானாகவே சொன்னது, அதைக் கேட்டுத்தான் அவள் சம்மதித்தது. கல்யாணப் படங்களில் ஏன் தள்ளி நிற்கிறோம் என்பதற்கு இரண்டு வரி. சாப்பிட்டாயா என்ற கேள்விக்கு ஒரு பத்தி. முதல் பார்வையையும் புன்னகையையும் எடுத்துவிட்டாள். 'ஒண்ணும் தோணல' என்பதை, 'முதலில் எனக்கு எந்த முடிவும் எடுக்கத் தோன்றவில்லை' என்று மாற்றிக்கொண்டாள். ஓர் அங்குலம் நகர்த்தியிருக்கிறாள், அவ்வளவுதான். பொய் இல்லை.

முடிவில் நான் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தேன், பிரிவைப் பற்றி. கொஞ்சம் நன்றாகவே வந்திருந்தது. அவள் வாசித்துவிட்டுப் பேனாவால் அடித்தாள். "இது நீங்க எழுதின மாதிரி இருக்குண்ணா."

கைரேகை கொடுக்க லீவு போட்டுவிட்டுப் பெங்களூருக்குப் போய்வந்தாள். ஃபைல் போயிருக்கிறது. இப்போதைக்கு மறுபடி இரண்டாவது ஷிஃப்ட். இரவு பதினொரு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் இறங்கி, தெருமுனையிலிருந்து வீடு வரை போனில் பேசிக்கொண்டே நடக்கிறாள். அங்கே அவனுக்கு மதியச் சாப்பாட்டு நேரம்.